வல்லாரை: இனமும் அடையாளமும் பறிக்கும் இடமும்

(தோட்டப் பொது மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில் சுகாதாரம் பற்றிப் பேசி முடித்து நாம் அமர்ந்த வேளையில், மருந்தடிக்கும் வேலையில் ஈடுபட்டுள்ள சகோதரி ஒருவர் எழுந்து நின்றார். “ஐயா, திங்கட்கிழமை எங்கள் பகுதியில் புல் மருந்து அடித்தோம். புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை பச்சைப் பசேலென்று இருந்தது. பறித்து வந்து துவையல் அரைத்துச் சாப்பிட்டோம். வாடியிருந்தால் தொட்டிருக்க மாட்டோம். பச்சையாக இருந்ததை உண்டதில் தவறு உண்டா?” என்று கேட்டார்.

அவர் வீட்டில் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்று அறிந்து மகிழ்ந்தோம். ஆயினும் அவ்வினாவுக்குத் தக்க விடை அப்போது நம்மிடம் இல்லை. “அப்படிச் செய்யாதிருப்பது நல்லது” என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டோம். ஏன் என்று அந்தச் சகோதரி மீண்டும் கேட்டிருந்தால் விழித்திருப்போம். வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா நம்மை விடவில்லை. அதற்கு விடை காண வேண்டுமாயின், வல்லாரை என்பது எத்தகைய செடி, அதன் உடல் எவ்வாறு அமைந்துள்ளது, அதன் உறவினர் யாவர் என்பனவற்றை முதலில் அறிதல் வேண்டும். ஆகவே இன்று மருந்துப் பேச்சுக்கு முன்னர்ச் சற்றுத் தாவர நூல் பேச நேரிடுகிறது. பொறுத்தருள வேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நாம் வல்லாரை என்பதை நம் மலாய்ச் சகோதரர்கள் பெகாகா என்கின்றனர். ஊலாமாகப் பச்சையாகவே சோற்றுடன் உண்கின்றனர். சிங்களவர் கொட்டுக்கொலா என்பர். வடமொழியில் மண்டூகபர்ணி என்பது இதன் பெயர். தவளை இலை என்று பொருள்படும். ஈரமான இடத்தில் தவளைகளுடன் கூடி வாழ்வதால் அப்பெயர் வந்ததோ, இலையின் வடிவத்தால் வந்ததோ, எவ்வாறாயினும் பொருத்தமான பெயரே. இவை அனைத்தும் ஒரே செடியின் பல பெயர்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பிரமி என்னும் பெயரை வட இந்தியாவில் பலர் வல்லாரைக்கு வழங்குகின்றனர். கேரளத்திலோ முற்றிலும் வேறான நீர்ப்பிரமிக்கு அப்பெயர் உரியது. ஒரு பெயரைச் சொல்லி இருவேறு செடிகளைத் தரும் இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்கே உலகெங்கும் வழங்கும் ஈரடுக்குப் பெயரைத் தாவர நூலார் ஏற்படுத்திக்கொண்டனர்.

இது உங்களுக்குப் புதிய முறையன்று. பால்மரம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நடும்போது ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றோ வேறோர் எண்ணிட்ட வகை என்றோ தெளிவாகக் கேட்டு வாங்குகிறோம். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அவ்வெண்களை வழங்காதிருந்தால், எந்தக் கன்று எவ்வளவு பால் தரும் என்பதை ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தே அறிய வேண்டியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவனவற்றைப் பிரித்தறிவதில் உள்ள ஆதாயத்தைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தாவர நூலார் இனங்களைச் சேர்த்துப் பேரினம் என்றும், பேரினங்களைச் சேர்த்துக் குடும்பம் என்றும் அடுக்கி வைப்பர். பால்மரத்தின் பெயர் ஹீவியா பிரசிலியென்சிஸ். ஹீவியா என்பது பேரினம். பிரசிலியென்சிஸ் என்பது இனம். இம்மரமும், உங்கள் லயத்தின் பின்புறம் நிற்கும் மரவள்ளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் வியப்பாக இருக்கலாம். மரவள்ளித் தண்டை ஒடித்துப் பாருங்கள். அதிலும் பால் கசியும். பூ, காய் முதலியவற்றின் அமைப்பை ஒப்பிட்டே அறிஞர் இவ்வுறவை நிறுவினர். உருவில் ஒன்று பெருமரம், மற்றொன்று கிழங்குச் செடி. உருவத்தை மட்டும் நம்பினால் உறவு புலப்படாது.

இனி வல்லாரைக்கு வருவோம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் இச்செடிக்கு ஹைட்ரோகோட்டைல் ஆசியாட்டிகா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ஹைட்ரோ என்பது நீரையும், கோட்டைல் என்பது சிறு கிண்ணத்தையும் குறிக்கும். நீரருகே வளரும் கிண்ண இலைச் செடிகள் பல அப்பேரினத்தில் அடங்கும். பத்தாண்டுகள் சென்று, 1763இல், செண்டெல்லா என்னும் வேறொரு பேரினத்தையும் அவரே வகுத்தார். எனினும் வல்லாரை பழைய வீட்டிலேயே இருந்தது. 1879ஆம் ஆண்டில்தான் செருமானிய அறிஞர் இக்னாட்ஸ் ஊர்பான் அதனைச் செண்டெல்லாவுக்கு மாற்றினார். அன்று முதல் அதன் முறையான பெயர் செண்டெல்லா ஆசியாட்டிகா என்பதாகும். பழைய மருந்து நூல்கள் சிலவற்றில் ஹைட்ரோகோட்டைல் என்றே காணப்படுவதன் காரணம் இதுவே.

செண்டெல்லா பேரினத்தில் ஏறத்தாழ 50 இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவில் வாழ்கின்றன. நம் வல்லாரை ஒன்றே ஆசியாவிலும் பிற வெப்ப நாடுகளிலும் இவ்வளவு பரந்து படர்ந்துள்ளது. இது சேர்ந்த குடும்பம் ஏபியேசி எனப்படும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், கேரட் ஆகிய அனைத்தும் அக்குடும்பத்தவையே. நம் அஞ்சறைப் பெட்டியில் பாதி அங்கிருந்து வந்தது என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே குடும்பத்தில் கொடிய நஞ்சுச் செடிகளும் உண்டு. கி.மு. 399இல் கிரேக்க ஞானி சாக்ரட்டீசுக்குக் கொடுக்கப்பெற்ற நஞ்சு, ஹெம்லாக் என்னும் செடியின் சாறு என்பர். அதுவும் கொத்தமல்லியின் உறவினரே. அச்செடி நம் நாட்டுத் தோட்டங்களில் வளர்வதன்று; அச்சம் வேண்டா. நல்ல குடும்பத்துச் செடிதான் என்று எண்ணி எதையும் வாயில் இடுவது தகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

ஹைட்ரோகோட்டைல் பேரினத்தின் நிலை என்ன? அதனையும் நெடுங்காலம் கொத்தமல்லிக் குடும்பத்திலேயே வைத்திருந்தனர். அண்மைப் பத்தாண்டுகளில் செடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அது அரலியேசி என்னும் வேறு குடும்பத்துக்கு உரியது என்று கண்டனர். சீனச் சகோதரர்கள் போற்றும் ஜின்செங் வேர் அக்குடும்பத்ததே. ஆகவே ஒரே வாய்க்காலில் பின்னிப் படர்ந்து, ஒரே செடிபோல் நம் கண்களை ஏமாற்றும் இரண்டும் இன்று ஒரே பேரினமும் அல்ல, ஒரே குடும்பமும் அல்ல.

இங்கு நம் சொந்தப் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூலிகைப் பாடம் நடத்தினோம். பள்ளிக்கூடத்தின் பின்னால் குழாயடியில் அடர்ந்து கிடந்த சிறிய வட்ட இலைக் கொடியைப் பிடுங்கி வந்து, வல்லாரை என்று காட்டி, படமும் வரையச் செய்தோம். மறுநாள் காலையில் ஒரு மாணவியின் பாட்டி, கையில் ஒரு கொத்துக் கீரையுடன் பள்ளி வாசலில் நின்றார். “வாத்தியார் ஐயா, நேற்றுப் பிள்ளைக்குக் காட்டியது வல்லாரை இல்லை. இதுதான் வல்லாரை. கசக்கி மோந்து பாருங்கள்” என்றார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே நம் தவறு நமக்குப் புலப்பட்டது. நாம் காட்டியது ஹைட்ரோகோட்டைல் இனங்களில் ஒன்று. எழுத்தறியாத அந்த மூதாட்டி, லின்னேயசுக்கு 1753இல் தோன்றாத வேறுபாட்டை மூக்கினால் அறிந்திருந்தார். பிள்ளைகள் வரைந்த 30 படங்களையும் அன்று திருத்த நேர்ந்தது.

இதோ, மேசைமேல் இரண்டு தட்டுகள் உள்ளன. இடப்புறம் இருப்பது வல்லாரை. வலப்புறம் இருப்பது ஹைட்ரோகோட்டைல். முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் எடுத்துப் பார்த்துப் பின்வரிசைக்கு அனுப்பலாம்.

வல்லாரையின் தண்டு நிலத்தோடு நிலமாக ஓடுவது. ஆகவே அதனை ஓடுதண்டு என்பர். சில வேளை பச்சையாகவும், சில வேளை செந்நிறம் பாய்ந்தும் இருக்கும். அத்தண்டில் இடைவெளி விட்டுக் கணுக்கள் அமைந்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் கீழ்நோக்கி வேரும், மேல்நோக்கி இலைகளும் புறப்படும். ஒரே கணுவில் பல இலைகள் கொத்தாக எழுவது வல்லாரையின் சிறப்பு. ஹைட்ரோகோட்டைலில் பெரும்பாலும் கணுவுக்கு ஓர் இலையே நிற்கும்.

வல்லாரை இலையின் காம்பு நீண்டது. இலை சிறுநீரக வடிவம் உடையது. காம்பு சேரும் இடத்தில் ஆழமாகப் பிளந்திருக்கும். விளிம்பில் மழுங்கிய பற்கள் வரிசையாக இருக்கும். இனி வலப்புறத் தட்டைப் பாருங்கள். குளத்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கின்றார்களே, நாணயம் போன்ற வட்ட இலைச் செடி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அதுவும் ஹைட்ரோகோட்டைலே. அதன் காம்பு இலையின் நடுவில், தாமரை இலையில் சேர்வதுபோல் சேர்ந்திருக்கும், பிளவு கிடையாது. அதனை வல்லாரை என்று நினைத்து விலை கொடுத்து வாங்கியவர்களை நாம் அறிவோம். ஆனால் எல்லா ஹைட்ரோகோட்டைலும் இவ்வளவு எளிதில் பிடிபடா. குழாயடியில் நம்மை ஏமாற்றிய சிறு இனத்தின் இலைக்குப் பிளவு உண்டு. இலை விரல்நகம் அளவே இருக்கும், மினுமினுக்கும், மடல்களாகச் சற்றுப் பிரிந்திருக்கும்.

அவ்வாறு ஐயம் ஏற்படும்போது காம்பின் அடிப்பகுதியை நோக்குங்கள். ஹைட்ரோகோட்டைலில் அங்கே மெல்லிய சிறு செதில்கள் தனியாக நிற்கும்; அவற்றை இலையடிச் செதில் என்பர். வல்லாரையில் தனிச் செதில் இல்லை. காம்பின் அடியே சற்று அகன்று உறைபோல் கணுவைத் தழுவியிருக்கும். நூலார் பெரிதும் மதிக்கும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. கத்தியோ கண்ணாடியோ வேண்டா. பால்வெட்டுக் கோடு பிசகாமல் பார்க்கும் உங்கள் கண்ணுக்கு இது எளிது.

பூவைக் காண விரும்புவோர் இலைகளை விலக்கித் தேட வேண்டும். வல்லாரைப் பூ இலைக்கு அடியில், குட்டைக் காம்பில் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் மூன்று பூக்கள் சேர்ந்த சிறு குடைமஞ்சரி. நிறம் இளஞ்சிவப்பு. அடியில் இரண்டு செதில்கள் தாங்கி நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து இதழ்கள், ஐந்து மகரந்தக் கேசரங்கள். ஹைட்ரோகோட்டைலில் ஒரு மஞ்சரியில் பூக்கள் மிகுதி. காயையும் கவனிக்கலாம்: இரண்டிலும் அது பக்கவாட்டில் தட்டையாகி, முற்றியபின் இரண்டாகப் பிளக்கும். ஆனால் வல்லாரைக் காயின்மேல் மேடுகள் ஒன்றோடொன்று இணைந்து வலைபோல் பின்னியிருக்கும். இவ்வலை ஹைட்ரோகோட்டைலில் இல்லை.

ஹைட்ரோகோட்டைல் நஞ்சு என்று நாம் கூறவில்லை. சீன மருத்துவத்தில் அதன் சிறு இனத்துக்கும் இடமுண்டு. ஆனால் அது வல்லாரை அன்று. வல்லாரையின் பயனை அதனிடம் எதிர்பார்ப்பது முறையன்று. வல்லாரையில் ஆசியாட்டிகோசைடு என்னும் பொருள் உள்ளது. 1941ஆம் ஆண்டில் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். புண்ணாற்றும் களிம்புகளில் வல்லாரைச் சாரம் சேர்க்கப்படுவதற்கு அப்பொருளும் அதைச் சார்ந்தவையும் காரணம். நினைவாற்றல் பெருகும் என்று நம் சித்த மருத்துவர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஊட்டாத தாய் இல்லை. பாடத்தைப் படிக்காமல் வல்லாரையை மட்டும் தின்ற மாணவர்களையும் நாம் ஆசிரியராக இருந்து பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி அதிகம் சொல்லாதிருப்பதே நலம். கீரையாக உண்பது வேறு, மாத்திரையாக நாள்தோறும் விழுங்குவது வேறு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். வல்லாரை மாத்திரைகளைப் பல வாரங்கள் தொடர்ந்து உண்ட பெண்மணிகள் மூவருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2005ஆம் ஆண்டில் அர்ஜென்டினா மருத்துவர்கள் வெளியிட்டுள்ளனர்.

இப்போது அந்தச் சகோதரியின் வினாவுக்கு வருவோம்.

வல்லாரை கணுவுக்குக் கணு வேரூன்றும் செடி என்றோம். ஒரு மரம் ஓரிடத்தில் மட்டும் வேரூன்றி நிற்கும். வல்லாரையோ ஓடும் வழியெல்லாம் புதிய புதிய வேர்களால் அந்தந்த மண்ணை உறிஞ்சிக்கொண்டே செல்லும். ஆகவே அம்மண்ணிலும் நீரிலும் உள்ளது யாதோ அது செடிக்குள்ளும் செல்லும். மலேசியப் புத்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலோகக் கழிவு கலந்த மண்ணில் வல்லாரையை வளர்த்துப் பார்த்து, 2010ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். மண்ணில் உலோகம் மிகுந்தபோது செடியிலும் மிகுந்தது. வேரில் மிக அதிகமாகவும், இலையிலும் தண்டிலும் அதைவிடக் குறைவாகவும் காணப்பட்டது. சாலையோரம், பட்டறைக் கழிவு ஓடும் கால்வாய், பழைய எண்ணெய் கொட்டிய லாரிக் கொட்டகைப் பக்கம் ஆகிய இடங்களில் தழைத்திருக்கும் வல்லாரை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் நமக்கு வேண்டா என்பது இதனால் விளங்கும். வேரோடு பிடுங்கி அரைக்கும் பழக்கம் உடையவர்கள் வேரை நீக்கிவிடுவது நன்று.

இனிப் புல் மருந்து. முற்காலத்தில் தோட்டங்களில் பெரிதும் பயன்பட்டது பாராகுவாட். அது பட்ட இலை வெயிலில் ஒரே நாளில் கருகிவிடும். அதனால் மருந்து பட்ட கீரை எது, படாத கீரை எது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. மனிதருக்கு அது கொடிய நஞ்சு. விழுங்கியவரைக் காப்பாற்ற மாற்று மருந்து இல்லை. ஆகவே 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டில் அது முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது. அது மிக நல்லதே.

ஆனால் அதனோடு பழகிய கண் இன்னும் மாறவில்லை. இக்காலத்தில் அடிக்கப்படும் கிளைபோசேட் என்னும் மருந்து வேறு விதமாக வேலை செய்கிறது. இலையை அது உடனே கருக்குவதில்லை. இலை வழியாக உட்புகுந்து, சாற்றோடு கலந்து, தண்டுக்கும் வேருக்கும் குருத்துக்கும் பரவி, செடி வளர்வதற்கு இன்றியமையாத ஒரு செயலை உள்ளிருந்தே நிறுத்துகிறது. செடி மஞ்சளாவதற்குப் பல நாட்கள் ஆகும். சில செடிகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். திங்கட்கிழமை மருந்து பட்ட வல்லாரை புதன்கிழமை பச்சையாகத்தான் நிற்கும். அது பிழைத்துவிட்ட செடியன்று. மருந்தை உடலில் வாங்கிக்கொண்டு, இன்னும் வாடாமல் நிற்கும் செடி.

மேலும், இது ஓடும் செடி. மருந்து பட்ட கணுவும், நான்கடி தள்ளி வாய்க்காலின் மறுகரையில் உள்ள கணுவும் ஒரே தண்டினால் இணைந்திருக்கலாம். இங்கே பட்டது அங்கே செல்லக்கூடும். “எங்கள் கை படாத கரையில்தான் பறித்தோம்” என்று சொல்வதிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இலையின் மேலுள்ளதைக் கழுவலாம். உள்ளே சென்றதைக் கழுவ முடியாது.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இது: அம்மா, பச்சை நிறம் சான்று ஆகாது. மருந்தடிக்கும் நிரைகளிலும் அவற்றின் நீர் வடியும் வாய்க்கால்களிலும் வல்லாரை பறிக்கவே வேண்டா. எத்தனை நாள் கழித்து என்று கணக்குப் பார்க்கவும் வேண்டா. எந்தப் பகுதியில் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்பதை மருந்தடிப்பவர்கள் அறிவர். பால்வெட்டுபவர்களும், ஆயா கொட்டகையில் பிள்ளைகளுடன் இருப்பவர்களும் அறியார். பெரட்டில் தண்டல் அதைச் சொல்லிவிட்டால் போதும்; ஒரு நிமிடம்கூட ஆகாது. மருந்தடித்த பகுதியில் ஓர் அறிவிப்புப் பலகை நடுவதும் நிர்வாகத்துக்குப் பெரிய செலவு அன்று. இதை நீங்கள் கேட்டுப் பெறலாம்; கேட்பதில் குறையொன்றும் இல்லை.

அப்படியானால் வல்லாரைக்கு எங்கே போவது? எந்தக் குணத்தால் அது மருந்தையும் கழிவையும் வாங்கிக்கொள்கிறதோ, அதே குணத்தால் அதனை வீட்டில் வளர்ப்பது மிக எளிது. விதை தேட வேண்டா. வேர் விட்ட கணு ஒன்று போதும். தூய இடத்திலிருந்து எடுத்த கணுவை, அடியில் துளையிட்ட பழைய வாளியிலோ, லயத்தின் பின்னால் பாத்தியிலோ ஊன்றி, மண் காயாதபடி நீர் விட வேண்டும். மருந்து கலந்த வாளியைப் பயன்படுத்தலாகாது. எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டா. சற்று நிழலும் சற்று வெயிலும் உள்ள இடம் ஏற்றது. அடர்ந்த நிழலில் காம்பு நீண்டு இலை மெலியும். இரண்டு மூன்று மாதங்களில் பறிக்கத் தொடங்கலாம். கணுவை விட்டுவிட்டு இலையைக் காம்போடு கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். கோழி கிளறாதபடி ஒரு வலை போட்டுவிட்டால் வேறு கவலை இல்லை. ஊலாமாகப் பச்சையாக உண்போர், வீட்டில் பறித்ததே ஆனாலும் ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுதல் வேண்டும். எலியும் பூனையும் இரவில் நம்மைக் கேட்டுக்கொண்டு உலாவுவதில்லை.

இடப்புறத் தட்டில் உள்ள வல்லாரை நம் வீட்டுப் பாத்தியிலிருந்து காலையில் எடுத்து வந்தது. அன்று பள்ளி வாசலில் நின்ற பாட்டி கொடுத்த கொத்தின் வழிவந்தது அது. பணிமாற்றம் பெற்ற ஊர்களுக்கெல்லாம் வாளியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறோம். வேண்டுவோர் ஆளுக்கு ஒரு கணுவாக எடுத்துச் செல்லலாம். வலப்புறத் தட்டை மட்டும் இங்கேயே விட்டுவிடுங்கள்; அடுத்த தோட்டத்தில் காட்ட அது தேவைப்படும்.